கையொப்பமிடத் தயங்கும் கைகள்



நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடவும் கற்றுத் தந்தார்கள். ஆயினும், மனநல ஆய்வொன்றில் நம் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று எவரேனும் கேட்டால், விருதுநகர் வட்டார வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "நாளைக்குப் பிள்ளைக்குச் சம்பந்தம் அமையுமா?" என்பதே.

இந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. அண்டை மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியதில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். மனநலம் என்றதும் நம் நினைவில் எழுவது அந்தச் சங்கிலியே. ஆனால் வளரிளம் பருவத்தினரிடம் நடக்கும் ஆய்வுகளில் பல, தேர்வுப் பயத்திற்கும் ஓயாத கவலைக்கும் எவ்வகை ஆலோசனை பயன் தரும் என்று கண்டறிபவை.

18 வயது நிரம்பாதவரை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்கின்றன, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள். இது தேவையான காவலே. எனினும், தன் துயரம் அத்தாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளை, அத்தாவின் கையொப்பம் கேட்கும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. உதவி மிகத் தேவைப்படும் பிள்ளையே விடுபட்டுப்போகிறது.

ஆய்வாளர்களுக்கும் பொறுப்பு உண்டு. பள்ளிகளில் மட்டும் தேடினால், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளையும், பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்து பள்ளியை விட்ட பிள்ளையும் கணக்கில் வரமாட்டார்கள். படிவம் எளிய தமிழில் இருக்க வேண்டும்; பெண்பிள்ளைகளிடம் பெண்களே பேச வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகளில் சங்காத் அமைப்பு நடத்திய ஆய்வில், வகுப்பறைக்கே சென்று காணொளி காட்டிக் கலந்துரையாடியபோது, ஆலோசனை நாடிய மாணவர்கள் பெருகினர். விளக்கம் வந்தால் தயக்கம் குறையும்.

அந்த விளக்கத்தை நம் மஹல்லாவில் தொடங்குவோம். இமாம்கள் ஜும்ஆ உரையில் இதைப் பேசட்டும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, பெயர் வெளியே போகாதா, விரும்பியபோது விலகலாமா, கடும் துயரில் இருக்கும் பிள்ளைக்கு உடனடி உதவி என்ன என்று ஜமாஅத் நிர்வாகிகள் கேட்கட்டும். பதில் நிறைவளித்தால், பிள்ளையிடம் கேட்போம். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதிருப்போம். நம் பிள்ளைகளைக் கேளாமல் உருவாகும் சிகிச்சை, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அல்லாஹ் நம் இளையோரின் உள்ளங்களுக்கு அமைதி அருள்வானாக. ஆமீன்.