தகரப் பெட்டி தந்த பாடம்



சில ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சு நாட்டின் மலைப்பாங்கான பகுதியொன்றில் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குருக்கள் அருகிவிட்டமையால், பல கிராமங்களை ஒன்றுசேர்த்து ஒரே பங்காக அமைத்திருக்கிறார்கள். ஓர் ஆலயத்தினின்று மற்றோர் ஆலயம் செல்ல வாகனமின்றி இயலாது. நமக்கென்று குருமனைக் கொட்டகையில் காத்திருந்ததோ, 1983-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரெனோ 4 என்னும் சிறு கார்!

உள்ளதைச் சொல்லிவிடுவோம். அதைக் கண்டதும் நம் முகம் சுருங்கிற்று. ஐரோப்பாவுக்கு வந்தும் நமக்கு வாய்த்தது இந்தத் தகரப் பெட்டிதானா என்று எண்ணினோம்.

நாம் ஏளனமாகப் பார்த்த அந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. ரெனோ நிறுவனத்தின் அன்றைய தலைவர் பியேர் திரைஃபஸ், நீல ஜீன்ஸ் கால்சட்டையைப் போல எவருக்கும், எவ்விடத்துக்கும் பொருந்தும் கார் ஒன்று வேண்டுமென விரும்பினார். வயலுக்கும் அதுவே, ஞாயிறு திருப்பலிக்கும் அதுவே. அவ்வாறு பிறந்த ரெனோ 4, 1961-இல் பாரிஸ் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கம்வரை 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. தபால்காரர், காவலர், குடியானவர், கன்னியர் என அதில் ஏறாதவர் அந்நாட்டில் அரிது.

அதன் அமைப்பிலும் சில புதுமைகள் உண்டு. கியர்த் தண்டு தரையில் இல்லை. குடைக்கைப்பிடி போல முன்பலகையிலிருந்து நீண்டிருக்கும். முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் கியர் மாற்ற வேண்டும். எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்குவதால் உள்தரை சமதளமாக அமைந்திருக்கிறது. பின்புறம் முழுக்கதவு ஒன்று மேல்நோக்கித் திறக்கும். பின்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால், வலப்பக்கச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் இடப்பக்கத்தைவிட ஏறத்தாழ 5 செ.மீ. அதிகம். ஆயினும் வண்டி கோணாமல் நேராகவே ஓடும்!

முதல் சில வாரங்கள் மனத்தாங்கலோடுதான் ஓட்டினோம். குளிர்காலக் காலைகளில் சோக்கை இழுத்து, அது இருமி இருமி உயிர்பெறும்வரை காத்திருப்போம். ஏற்றங்களில் எல்லா வண்டிகளும் நம்மைக் கடந்து செல்லும். பின்னால் திருப்பலிப் பெட்டியும், யாரோ அன்போடு ஏற்றிவிட்ட உருளைக்கிழங்கு மூட்டையும் உருளும்.

அப்படியிருக்கையில், இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனை வந்தது. அடித்தளத்தில் துரு அரித்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் பழுதுநீக்கிக் கொணர வேண்டுமென எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நமக்கோ உள்ளூர மகிழ்ச்சி. புது வண்டி கேட்க ஒரு காரணம் கிடைத்ததல்லவா! அவ்வார ஞாயிறன்று, திருப்பலிக்குப்பின் முற்றத்தில் நின்றவர்களிடம், “நம் தகரப் பெட்டிக்கு இறுதிச்சடங்கு நெருங்கிவிட்டது” என்று வேடிக்கையாகச் சொன்னோம். எல்லோரும் நகைத்தார்கள். ஒரு முதியவர் மட்டும் நகைக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவர் நம்மிடம் வந்தார். “தந்தையே, பாரிஸ் அருகே சேன் நதியின் நடுவில் செகேன் தீவு இருக்கிறது. அங்கிருந்த ரெனோ தொழிற்சாலையில் நான் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். தங்கள் வண்டிக்கு அல்ல, அதன் மூத்த சகோதரர்களுக்கு. நாள் முழுவதும் கதவுகள். இரவில் கைகள் மரத்துப்போகும். பல ஆண்டுகள் சேமித்து, பிறர் ஓட்டிக் கழித்த அதே வண்டி ஒன்றை வாங்கினேன். பிறந்த மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அதில்தான். அது தகரந்தான் தந்தையே. ஆனால் அதை நாங்கள் நன்றாகச் செய்தோம்” என்றார்.

நமக்குப் பேச நா எழவில்லை. வாராவாரம் பீடத்தில் நின்று உழைப்பின் மாண்பைப் போதிக்கிற நாம், ஒருவரது உழைப்பின் கனியை அவர் முன்னிலையிலேயே நகைப்புக்கு உள்ளாக்கினோம். அங்கேயே மன்னிப்புக் கேட்டோம். அவர் புன்னகைத்து, “சனிக்கிழமை வண்டியை வெளியே நிறுத்தி வையுங்கள்” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

சனிக்கிழமை, ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். இருவரும் துருவைச் சுரண்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். நமக்குக் கிடைத்த வேலை விளக்குப் பிடிப்பது. மாலையில் முதியவர் ஓட்டுநர் கதவை மூடி, திறந்து, மீண்டும் மூடி, அதன் ஓசையைக் கேட்டுத் தலையசைத்தார். மறுபரிசோதனையில் வண்டி தேறியது. அன்றுமுதல் சோக்கை இழுக்கும்போதெல்லாம் நம் மனத்தில் தாங்கலுக்குப் பதில் நிறைவே எழுந்தது. மெதுவாகச் சென்றோம், வழியில் கையசைப்பவர்களைக் கண்டோம், சிறு பழுதுகளை நாமே நீக்கக் கற்றோம்.

2013-ஆம் ஆண்டு இத்தாலியின் வெரோனா நகரத்துக் குரு ஒருவர், ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடிய தம்முடைய 1984-ஆம் ஆண்டு ரெனோ 4 காரை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு அன்பளிப்பாகத் தந்ததும் இங்கு நினைவுக்கு வருகிறது. தம் பணியில் தோழனாக இருந்ததைத்தான் அவர் கொடுத்தார்.

பழையது யாவும் சிறந்தது என்று நாம் சொல்லவில்லை. அவ்வண்டியில் காற்றுப்பை இல்லை. அதன் புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் இல்லை. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் செல்லும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான புது வண்டி தேவையென்றால், கையிருப்புக்கேற்ப வாங்குவது குற்றமன்று. எளிய வண்டி வைத்திருக்கிறோம் என்று பெருமையடிப்பதும் ஆடம்பரத்தின் மறுமுகமே.

ஆனால் அண்டைவீட்டார் பார்வைக்கு அஞ்சி, கடன்பட்டு மாற்றத் துடிக்கிறோமே, அப்போது ஒரு கணம் நிற்போம். நம் வீட்டிலுள்ள பழைய சைக்கிளோ, தையல் இயந்திரமோ, யாரோ ஒருவர் கைகள் மரத்துப்போகச் செய்தது. அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைப்பது, முகம் அறியாத அந்த உழைப்பாளிக்கு நாம் செலுத்தும் நன்றி. நன்றி உள்ள வீட்டில் குறை குறைவாகவே தென்படும்.