பிள்ளைக்காக வைத்தியம் செய்கிறவளுக்குப் பார்சல் கட்டுமுன்

வடமராட்சியிலுள்ள என் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும்,

ஸ்காபரோவில் மருந்துக்கடையில் வேலை என்பதால், பிள்ளைக்காக வைத்தியம் செய்யும் மகளுக்கோ மருமகளுக்கோ "நல்ல கனடா விற்றமின்" அனுப்பச் சொல்லிக் கேட்கிறீர்கள். அவள் ஃபோலிக் அசிட் போடுகிறாளா என்று கேட்டால், "அது வயிற்றில் தங்கின பிறகுதானே" என்கிறீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

ஃபோலிக் அசிட் காப்பது, குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாயை. அது கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். ஐ.வி.எஃப்.இல் கருவை வைத்து, இரத்தம் சோதித்து, "தங்கியிருக்கு" என்று டாக்டர் சொல்வதற்குள் அதில் பாதி நாள் போய்விடும். ஆகவே குளிசை முன்பே தொடங்க வேண்டும்: தினமும் 400 மைக்ரோகிராம், முடிந்தால் மூன்று மாதம் முன்னதாக. நீரிழிவு, வலிப்பு மருந்து, முன்பு முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளை என்றால் அளவு கூடும். அதை டாக்டர் எழுதித் தரவேண்டும். வைத்தியம் செய்கிற பெண்ணுக்குத் திகதி முன்கூட்டியே தெரியும். எல்லாப் பெண்களுக்கும் கிடைக்காத வசதி அது. அதை ஏன் வீணாக்குகிறோம்?

காய்ச்சல் விட்டதும் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிப்போமே மாமைற், அதைக் கொடுத்துத்தான் 1931இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க் கர்ப்பிணிகளின் ஒருவகை இரத்தசோகையை மாற்றினார். அதற்குள் இருந்தது ஃபோலிக் அசிட்டின் இயற்கை வடிவமான ஃபோலேற்தான். கனடாவில் 1998 முதல் வெள்ளை மாவில் ஃபோலிக் அசிட்டைக் கட்டாயம் கலக்கிறார்கள். நரம்புக்குழாய்க் குறைபாடுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. சோறு சாப்பிடும் எங்களுக்கு அந்த மாவால் என்ன பயன்? குளிசைதான் வழி. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளை இல்லையென்று கூச்சப்பட்டு அவரைக் கண்டு ஒளிக்காதீர்கள்.

பார்சலுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு அக்கா கொண்டுவந்த பையில் கர்ப்பிணி மல்டிவிற்றமின், கொட் மீன் ஈரல் எண்ணெய், முடி வளரும் குளிசை மூன்றும் இருந்தன. ஈரல் எண்ணெயில் ரெற்றினோல் என்னும் விற்றமின் ஏ உண்டு. அளவு மீறினால் கருவைப் பாதிக்கும். முடிக் குளிசையில் உள்ள பயோற்றின், தைரொயிட், ஹோர்மோன் சோதனைகளின் முடிவையே பிழையாகக் காட்டக்கூடும். அந்த முடிவைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்! இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன், அக்காவுக்குக் கோபம். மெற்போமின் குடிக்கிறவளும் மரக்கறி மட்டும் உண்பவளும் பி12 சோதித்துப் பார்ப்பது இந்தப் பைகளை விடப் பெறுமதியானது.

மாப்பிள்ளைமாரே, உங்களுக்குச் சிங்க் குளிசை அனுப்பமாட்டேன். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தம்பதியரிடம் ஆண்களுக்குச் சிங்க்கும் ஃபோலிக் அசிட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது; பிள்ளைப்பேறு கூடவில்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் எடுக்கும். ஆகவே சிகரெட்டையும் சாராயத்தையும் இன்றைக்கே விடுங்கள்.

கந்தசஷ்டி விரதம், வைத்தியத்துக்காக அவள் ஊசி போடும் நாட்களில் வந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மிளகும் தண்ணீருமாய் ஆறு நாள் அவள் கிடக்க வேண்டாம். கோயில் ஐயாமாரே, பாலும் பழமும் எடுத்துக் குளிசையையும் போடு பிள்ளை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்; உங்கள் சொல்லை மாமியார்மார் தட்டமாட்டார்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் பிள்ளை