கறி தீர்ந்தால் கடை மூடல்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். 11 மணிக்குத் திறக்கும் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ வாசலில், காலையிலேயே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். டேபிள் முன்பதிவு கிடையாது. கறி தீர்ந்தால் கடை மூடல்!

எல்லாம் 'பிரிஸ்கெட்' எனும் மாட்டு நெஞ்சுக்கறிக்காக. மாட்டின் எடையைத் தாங்கி உழைக்கும் பகுதி என்பதால் சவ்வு அதிகம், அவசரப்பட்டால் ரப்பர்தான். மசாலா? உப்பும் மிளகும் மட்டுமே. ஓக் விறகின் மிதமான சூட்டிலும் புகையிலும் சுமார் 12 மணி நேரம் வெந்தால், சவ்வு உருகி, விரலால் பிய்க்கும் பதம் வருகிறது.

2009-ல் டிரெய்லர் வண்டியில் தொடங்கிய கடை இது. உரிமையாளர் ஆரன் ஃபிராங்க்ளினுக்கு 2015-ல் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. 2014-ல் வந்த அதிபர் ஒபாமா வரிசையை முந்திச் சென்றார். பதிலுக்கு, அருகில் நின்றவர்களின் பில்லையும் அவரே கட்டினார்.

மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மணிக்கணக்கில் நின்றும் கடைசி ஆள் வெறுங்கையோடு திரும்பலாம். கூட்டம் கூடிவிட்டதே என்று இன்னொரு துண்டை அடுப்பில் போட்டால், அது மறுநாளுக்குத்தான் ஆகும்!

போகிறவர்கள் கவனிக்க: திங்கள் விடுமுறை.