ஒன்றரைச் சுற்று

ஒரு திருகாணி என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. அப்பா விட்டுச்சென்ற 1985-ஆம் வருடத்து புல்லட்டின் கார்ப்ரேட்டரில், பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகாணி அது. மெக்கானிக்குகள் 'ஏர் ஸ்குரூ' என்பார்கள். உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவையில் பெட்ரோல் கூடும். வெளியே திருகினால் நேர்மாறு.

வண்டி ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்க வேண்டும். பிறகு ஒரே மிதி. அப்பா சொல்லிக்கொடுத்த இந்தச் சடங்கு இன்றும் பலிக்கிறது. தொல்லை சிக்னலில்தான். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடில் இறங்காமல் மேலேயே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தடாலென்று இறங்கி, வண்டி அணைந்துவிடும். மேம்பாலத்தில் இறங்கும்போது சைலன்சர் 'பட் பட்' என்று வெடிக்கும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பிளக்தான் பழைய வண்டியின் நாக்கு. பிஸ்கட் நிறமென்றால் கலவை சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு, புது வண்டிகளில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் போடுகிறது. என் வண்டியில் பித்தளைத் துண்டுகள் போடுகின்றன. ஐடிலுக்கு பைலட் ஜெட், நடு வேகத்துக்கு நீடில், முழு முறுக்கலுக்கு மெயின் ஜெட்.

நான் எல்லாவற்றிலும் கை வைத்தேன். ஏர் ஸ்குரூவை உள்ளே தள்ளினேன். நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாட்டினேன். எத்தனால் பெட்ரோல்தான் வில்லன் என்று முடிவுகட்டி, ஒரு எண் பெரிய மெயின் ஜெட்டும் போட்டேன். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் பழைய ஜெட்டில் கலவை கொஞ்சம் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தில் கரும்புகை வந்ததே தவிர, சிக்னல் தொல்லை போகவில்லை. மூன்றையும் ஒரே நாளில் மாற்றியதில், எது எதைக் கெடுத்தது என்றும் தெரியவில்லை.

கடைசியில் எங்கள் பகுதியின் பழைய மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏன் சார், கார்ப்ரேட்டர நோண்டுனீங்களா?"

"நோண்டலண்ணே, டியூன் பண்ணேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

வண்டியை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கார்ப்ரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் எண்ணெய்க் குப்பியால் நாலு சொட்டு விட்டார். தறிகெட்டு ஓடிய ஐடில் சட்டென்று அடங்கி, பழைய 'டுக்... டுக்...' கேட்டது. சில நொடிகள்தான். எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மறுபடி தறிகெட்டது.

"காத்து இங்க போவுது சார். கார்ப்ரேட்டர் என்ன பண்ணும், பாவம்?"

கழற்றி, அதன் முகப்பை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. "எவனோ நட்ட முறுக்கு முறுக்குனு முறுக்கியிருக்கான், முகப்பு வளைஞ்சிடுச்சு" என்றார். அந்த எவனோ நான்தான். போன வருடம் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு நட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருந்தேன். அந்த உலோகம் மெத்தென்றது. என் கை அப்படியில்லை.

கண்ணாடியின்மேல் உப்புத்தாளை விரித்து, முகப்பை எட்டுப்போட்டபடி அரைமணி நேரம் தேய்த்தார். புது ஓரிங் போட்டார். நீடிலும் ஜெட்டும் பழைய இடத்துக்கே போயின. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவரச் சொன்னார். ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே முட்டவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். அங்கிருந்து கால் சுற்று, காத்திருப்பு. இன்னொரு கால் சுற்று, காத்திருப்பு. ஐடில் மிக வேகமாக ஓடிய இடத்தில் நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்தார். ஐந்து நிமிட வேலை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: டாப்பெட், பாயின்ட், பிளக், காற்றுக் கசிவு, இவற்றையெல்லாம் பார்த்த பிறகு கார்ப்ரேட்டருக்கு வாருங்கள். தொடுவதற்கு முன், திருகாணி எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நட்டில் மட்டும் பலத்தைக் காட்டாதீர்கள்.