நிலைக்க வேண்டியது சுற்றுலாவா, ஊரா?

உலகச் சுற்றுலா நாளையொட்டி எங்கள் வளாகத்தில் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. ‘நிலைத்தகு சுற்றுலா’ என்பது தலைப்பு. துணிப்பை கொண்டுசெல்லுங்கள், நெகிழிப் புட்டியைத் தவிருங்கள், உள்ளூர் உணவை உண்ணுங்கள் என்று ஆறு பேர் பேசினர். எத்தனை பேர் செல்லலாம் என்று ஒருவரும் பேசவில்லை.

மொழியியல் மாணவன் என்ற முறையில் அத்தலைப்பையே முதலில் கேள்விக்குள்ளாக்குகிறேன். ‘நிலைத்தகு’ என்ற அடை தழுவும் பெயர் சுற்றுலா. ஆக, நிலைக்க வேண்டியதாகச் சொல்லப்படுவது சுற்றுலாத் தொழிலே. அத்தொழிலைத் தாங்கும் ஊர் அத்தொடரில் இடம்பெறவே இல்லை. இதைச் சொற்குற்றம் என்று தள்ளிவிட முடியாது. நம் கொள்கைகளும் இவ்வாறே எழுதப்படுகின்றன. அடுத்த ஆண்டும் வருகை குறையாதிருக்க ஊரை எவ்வளவு துடைத்து வைக்கலாம் என்பதே அவற்றின் கவலை.

லடாக்கி மொழித் தரவுகளுக்காக நான் சென்றுவரும் லேயை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். வயலும் வீடும் பனியுருகு நீரையும் ஊற்றுகளையும் நம்பியிருப்பவை. 1974இல் வெளியாருக்குத் திறக்கப்பட்டபோது ஆண்டுக்குச் சில நூறு பேர் வந்தனர். 2022இல் அவ்வெண்ணிக்கை 5 லட்சத்தைக் கடந்தது. 2011 கணக்கெடுப்பின்படி லடாக் முழுவதன் மக்கள்தொகையே ஏறத்தாழ 2.74 லட்சம். வருவோரில் பெரும்பாலோர் சில கோடை மாதங்களுக்குள்தான் வருகின்றனர். நீரே தேவைப்படாத மரபான உலர்கழிப்பிடம் விருந்தினருக்கு ஒவ்வாது என்று நீர்க்கழிப்பறைகள் வந்தன. அவற்றுக்காக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வாறிருக்க, துணிப்பை எதைக் காக்கும்?

லடாக்கியில் ‘சுர்போன்’ என்றொரு சொல் உண்டு. ‘சு’ என்றால் நீர். ‘போன்’ என்றால் தலைவர். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நீர் என்று முறைவைத்துக் கால்வாயைத் திறந்து அடைப்பவர் அவர். ஊரார் அமர்த்துகின்றனர், ஊரார்க்கே அவர் பொறுப்பு. நம் ஏரிப்பாசனத்து நீர்க்கட்டியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ‘நிலைத்தகு’ என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை. ஓர் அளவும், அவ்வளவு முடிந்ததும் மடையை அடைக்கும் அதிகாரமும் இருந்தன.

இன்று சுற்றுலாவுக்கு அவ்விரண்டும் இல்லை. சுற்றுச்சூழல் கட்டணம் இருக்கிறது. ஆனால் கட்டணம் வேறு, வரம்பு வேறு. சில நூறு ரூபாய் செலுத்துபவரின் மனச்சான்று அமைதியடையலாம். ஊற்றில் ஒரு குடம் நீரும் கூடாது.

வரம்பு வைத்தால் பிழைப்பு போகும் என்பர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்க நான் ஒருப்படேன். வாடகை வண்டி ஓட்டுபவரும், வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்குத் தருபவரும் உள்ளூர் மக்களே. நீலகிரியில் நடந்ததும் நினைவிருக்கட்டும். சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தனர். அவ்வாணையின் நோக்கத்தில் நான் பிழை காணவில்லை. எனினும் அந்த எண் நீதிமன்றத்திலிருந்து இறங்கிவந்தது. ஊர் கூடி வகுத்ததன்று. தாம் வகுக்காத எண்ணை மக்கள் தண்டனையாகவே கொள்வர்.

எனவே கேள்வி இரண்டு: எத்தனை பேர்? அதை யார் முடிவுசெய்வது? இரண்டாவதைக் கேட்டதும் சூழலியல் அரசியலாகிவிடுகிறது. கருத்தரங்குகள் அங்கேதான் நின்றுவிடுகின்றன. 2019 முதல் லடாக் சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. 2024 மார்ச்சில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாநோன்பிருந்தபோது, மாநிலத் தகுதியும் ஆறாம் அட்டவணைப் பாதுகாப்பும் பனியாறுகளின் காப்போடு ஒரே கோரிக்கையாக ஒலித்தன. மடையை அடைக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் நீரைக் காக்கச் சொல்வது வஞ்சகம் என்பதே அதன் பொருள்.

வரம்பை உள்ளூர் மன்றங்கள் நீரின் இருப்பை அளந்து ஆண்டுதோறும் வகுக்கட்டும். ஒதுக்கீட்டில் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு முதற்பங்கு கிடைக்கட்டும். ஆழ்துளைக் கிணறுகள் கணக்கில் வரட்டும். எண் நிரம்பியதும் வழி அடைபடட்டும்.

அடைபடும் வழியில் நானும் நிற்க நேரலாம். ஆய்வு என்ற பெயரில் செல்பவனும் அதே நீரைத்தான் குடிக்கிறான். என் களப்பணி ஓராண்டு தள்ளிப்போனால் ஆய்வேடு தாமதமாகும், அவ்வளவே. அவ்வூரின் ஊற்று வற்றினால், ‘சுர்போன்’ என்ற சொல்லை அகராதியில் பதிவதற்கு மட்டுமே நான் அங்கே செல்லவேண்டியிருக்கும். அடுத்த கருத்தரங்கை நடத்தும் நண்பர்கள் துணிப்பை வழங்குவதற்கு முன், அந்த எண்ணைக் கேளுங்கள்.