பென்சில் குறிக்கு மேலே இருக்கும் நாலு வரி

வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளருக்கு வசதி, கவுண்டரில் கூட்டமும் சீக்கிரம் குறையும். ஆனால் என்னைக் கேட்டால், நம் ஜனங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் பழக்கியது அந்தக் குறிதான். மிக்ஸியோடு வரும் புத்தகத்தை நேராகப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற ஜாதி நாம். மிக்ஸி போனால் சில ஆயிரத்தோடு போச்சு. ஃபிக்ஸட் டெபாசிட் அப்படியா?

கணவன் மனைவி இருவர் பேரிலும் டெபாசிட் போடும்போது 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று டிக் அடிக்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருத்தர் போய்விட்டால் இன்னொருத்தர் எடுக்கலாம் என்பதுதான் எல்லோரும் புரிந்து வைத்திருப்பது. டெபாசிட் முதிர்ந்த பிறகு அது சரி. முதிர்வதற்கு முன்னால் உடைக்க வேண்டுமென்றால்? இருவரும் இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்திருந்தால், அவருடைய சட்டப்படியான வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மனைவிதானே, அவர் பேரும் ரசீதில் இருக்கிறதே என்றெல்லாம் வாதாடிப் பிரயோஜனமில்லை.

வாரிசு என்றால் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் அவருடைய அம்மாவும் உண்டு. நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பத்தில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனைவி மல்லேஸ்வரத்தில், மகன் நியூ ஜெர்சியில், மகள் சிங்கப்பூரில், எண்பத்தைந்து வயது மாமியார் கும்பகோணம் பக்கத்தில் கிராமத்தில். ஆஸ்பத்திரி பில் கட்டவோ, வீட்டு லோனை அடைக்கவோ அவசரமாகப் பணம் வேண்டும். பணம் அவர்களுடையதுதான். ஆனால் எத்தனை கையெழுத்து வர வேண்டும்!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதிர்வுக்கு முன்பே இருப்பவர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்து எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், வாரிசுகளைக் கேட்கத் தேவையில்லை. இதற்கான ஷரத்தைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லியாயிற்று. 2012 ஆகஸ்டில் இன்னொரு சுற்றறிக்கை அனுப்பி, வங்கிகள் இதைப் படிவத்தில் சேர்க்கவும் இல்லை, வாடிக்கையாளருக்குச் சொல்லவும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டது. ஆக, குற்றம் முழுவதும் படிக்காதவர் மேல் இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் அச்சடித்துவிட்டு, "சார், அதுலயே போட்டிருக்கே" என்று சொல்வது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். அதிலும் இந்த ஊரில் படிவம் கன்னடம், இந்தி, ஆங்கிலத்தில். காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுகிற நம் பெரியவர்கள் பலருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. அப்போது பென்சில் குறிதானே துணை?

காகிதத்தில் மட்டுமில்லை, ஃபோனிலும் இதே கதைதான். ஊருக்கு நெஃப்டில் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணை வைத்து மட்டுமே வரவு வைக்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். பெயர் சரியாக இருந்து எண்ணில் ஒன்று மாறினால், பணம் யாரோ ஒருவர் கணக்குக்குப் போய்விடலாம். 2025 ஏப்ரலுக்குள் அனுப்புமுன் பெயரைக் காட்டும் வசதியைக் கொண்டுவரச் சொன்னது ரிசர்வ் வங்கி. காட்டுவார்கள் சரி, பார்ப்பது யார்? யுபிஐ பின் எண் பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் "பணம் வரும், பின் போடுங்க" என்ற குரலுக்கு ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்களே.

டெபாசிட்டுக்கு வருகிறேன். அந்தச் சம்மதத்தை டெபாசிட் போடுகிற அன்றே கொடுக்க வேண்டும் என்பதில்லை, தவணை முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் இருவர் கையெழுத்தும் வேண்டும், அதாவது இருவரும் இருக்கும்போதே. இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் "என்ன அபசகுனமா பேசறே" என்பார்கள். பரவாயில்லை, திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதை எடுத்துக்கொண்டு இருவரையும் கிளைக்கு அழைத்துப் போய், அந்த ஷரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "நாமினி போட்டிருக்கோமே, போதாதா?" என்று கட்டாயம் கேட்பார்கள். போதாது. ஜாயின்ட் டெபாசிட்டில் இருவருமே இல்லாமல் போன பிறகுதான் நாமினிக்கு வேலை.