நாய்க்கு வழி தெரியாது, அவருக்குத் தெரியும்

பார்வையற்ற ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார் என்றால் வீட்டார், நண்பர்கள், அலுவலகத்தார் என்று எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். நாயை விட்டுவிட்டுப் போங்கள். தெரியாத ஊரில் அதற்கு என்ன வழி தெரியும்? விமான நிலையத்தில் உதவிக்கு ஆள் வருவார், சக்கர நாற்காலி இருக்கும், ஓட்டலில் பார்த்துக்கொள்வார்கள். அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை நிற்கும் தரை பொய். நாய் செய்யும் வேலை என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை, அதன் கைப்பிடியைப் பிடித்து நடப்பவர் செய்யும் வேலை என்ன என்பதும் தெரியவில்லை.

வழி நாயிடம் இல்லை. இரண்டு தெரு தாண்டி இடது பக்கம் திரும்பினால் வங்கி என்ற கணக்கு மனிதரின் தலைக்குள் இருக்கிறது. இன்று அவர் காதில் கைபேசியும் வழியைப் படித்துச் சொல்கிறது. ‘நேரே’, ‘இடது’, ‘வலது’ என்று கட்டளை இடுபவர் அவர். நாய் பார்த்துக்கொள்வது அடுத்த சில அடிகளை. நடைபாதை முடிந்து சாலை தொடங்கும் விளிம்பில் அது நின்றுவிடும். காலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்து அவர் அடுத்த கட்டளை சொல்லும்வரை நகராது. ஆள் உயரத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால், தனக்கு இடிக்காத அந்தக் கிளையை அவருக்காகச் சுற்றிப் போகும். சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் சாலையைக் கடக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. வண்டிகளின் ஓசை எந்தப் பக்கம் அடங்குகிறது, எந்தப் பக்கம் எழுகிறது என்று கேட்டு முடிவெடுப்பவர் மனிதர். அவர் ‘போ’ என்ற பிறகும் ஒரு கார் திரும்பிப் பாய்ந்து வந்தால் நாய் அசையாது. ஆபத்து என்றால் சொல்லை மீறவும் அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இதில் எது ஊரைப் பொறுத்தது? லண்டனில் படிக்கட்டாக இருப்பது லிஸ்பனிலும் படிக்கட்டுதான். வண்டிகள் சாலையின் எதிர்ப்பக்கம் ஓடும் நாட்டில் கூடுதலாக உழைக்க வேண்டியது அவருடைய காது.

இதற்குச் சாட்சி கிட்டத்தட்ட நூறு வருடமாக இருக்கிறது. 1927 நவம்பரில் டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, போரில் கண்ணிழந்த ஜெர்மானியர்களுக்கு நாய்கள் பழக்கப்படுவதைப் பற்றி ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் எழுதினார். அதைப் படிக்கக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க், டென்னசியின் நாஷ்வில்லில் வாழ்ந்த பார்வையற்ற இளைஞர், எனக்கும் ஒரு நாய் வேண்டும் என்று அவருக்குக் கடிதம் போட்டார். 1928-ல், யூஸ்டிஸ் இருந்த சுவிட்சர்லாந்துக்கு ஃபிராங்க் புறப்பட்டார். போகும்போது அவரைக் கப்பலில் அனுப்பிய விதம் என்ன தெரியுமா? அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பொறுப்பில், ஒரு பார்சலாக. கப்பல் ஊழியர் அழைத்துப்போனால் மேல்தளத்தில் நடை, மற்றபடி அறைக்குள் அடைப்பு. அந்தக் காலத்து அக்கறை அது.

திரும்பும்போது ‘பட்டி’ என்ற பெண் ஜெர்மன் ஷெப்பர்டு அவருடன் வந்தது. நியூயார்க் துறைமுகத்தில் கூடியிருந்த நிருபர்கள், முடிந்தால் இந்த வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்து காட்டு என்று சவால் விட்டார்கள். லாரிகளும் வாடகைக் கார்களும் இரைந்துகொண்டிருந்த அகலமான சாலை. பட்டி பழகியது ஜெனீவா ஏரிக்கரையின் வெவே நகரத் தெருக்களில். நியூயார்க்கில் அதற்கு ஒரு சந்துகூடத் தெரியாது. ஃபிராங்க் கட்டளையிட்டார், இருவரும் கடந்தார்கள். யூஸ்டிஸுக்கு அவர் அடித்த தந்தியில் ஒரே வார்த்தை: வெற்றி. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளியான ‘தி சீயிங் ஐ’ தொடங்கியது. தெரியாத ஊரில் நாய் உதவாது என்பது உண்மையானால் அந்தப் பள்ளியே பிறந்திருக்காது.

பார்சல் முறை ஒழிந்துவிடவில்லை. கால்களில் ஒரு குறையும் இல்லாதவரை, கண் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக, விமான நிலையங்களில் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். நடந்தே வருகிறேன் என்று அவர் சொல்வது காதில் விழுவதில்லை. தள்ளிக்கொண்டு போய் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு ஊழியர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார். தண்ணீர் வாங்குவதற்கும் கழிப்பறைக்கும் அவர் திரும்பி வரவேண்டும். இந்த உதவியும் விமான நிலைய வாசலோடு சரி. அதற்குப் பிறகு ஓட்டல் இருக்கிறது, கருத்தரங்கு இருக்கிறது, காலையில் காபி குடிக்கப் போகும் தெருமுனை இருக்கிறது. கூடவே ஒரு ஆளை அழைத்துப் போகலாமே என்றால், அந்த ஆளுக்குச் சௌகரியப்படும் நேரத்தில்தான் இவர் நடக்க முடியும்.

நாய் எல்லை தாண்டினால் நோய் வந்துவிடும் என்பார்கள். ரேபிஸ் பயம் நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்து தடுப்பூசியும் பரிசோதனையும்தான், தடை அல்ல. பிரிட்டனில் வெளியிலிருந்து வரும் நாய்க்கு ஆறு மாதத் தனிமைப்படுத்தல் இருந்தது. பார்வையற்ற ஒருவர் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்ஸில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினாலும், அவருடைய கண்ணை அரை ஆண்டு கூண்டில் விடவேண்டும். 2000 பிப்ரவரி 28 அன்று மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை ஏற்கும் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் வெளியிலிருந்து வந்த நாயை 120 நாள் அடைத்து வைத்தது. பார்வையற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். இந்த விதி அவர்களுக்கு மாநிலத்தின் கதவையே அடைக்கிறது என்பதை 1996-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்று அங்கே தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும் வழிகாட்டி நாய் உரிமையாளரோடு இறங்கி நடக்கிறது.

விமானத்துக்குள் நாயா என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதி அதை இருக்கைப் பகுதியில் ஏற்றச் சொல்கிறது. அமெரிக்காவில் மன ஆறுதலுக்கு என்று கண்ட பிராணிகளும் ஏறியதால் சேவை நாய்களின் பெயர் கெட்டது உண்மை. 2021 ஜனவரி முதல் பயிற்சி பெற்ற சேவை நாய்க்கு மட்டுமே அந்த உரிமை.

உண்மையான தொல்லை காகிதத்தில் இருக்கிறது, இதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனில் வழங்கிய நாய்க் கடவுச்சீட்டு ஐரோப்பாவில் செல்லாமல் போனது. ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரிடம் புதிதாக ஒரு சான்றிதழ், அதுவும் நுழைவதற்கு முந்தைய பத்து நாளுக்குள், கைக்காசு கொடுத்து வாங்கவேண்டும் என்றானது. திரும்பும்போது நாடாப்புழு மருந்து, அதுவும் பிரிட்டனில் நுழைவதற்கு ஒன்று முதல் ஐந்து நாளுக்குள். ஜப்பானுக்கு என்றால் 40 நாள் முன்னதாக அறிவிப்பு, ரத்தப் பரிசோதனைக்குப் பின் 180 நாள் காத்திருப்பு. அச்செழுத்தில் உள்ள இந்தப் படிவங்களைப் பார்வையில்லாதவர் தனியாக நிரப்ப வேண்டியிருக்கிறது. உதவ நினைக்கும் குடும்பத்தார் உட்காரவேண்டிய இடம் இதுதான்.

எல்லாப் பயணத்துக்கும் நாய் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரிலும் தெருநாய்க் கூட்டத்திலும் வேலை செய்வது அதற்குக் கொடுமை. அதை எடைபோட்டு வெள்ளைக் கோலோடு கிளம்புகிறவர் உண்டு. அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும். பாரிஸிலிருந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நாயோடு வர நினைப்பவர், ரேபிஸ் எதிர்ப்புச் சக்தியின் ரத்தப் பரிசோதனையைப் புறப்படும் முன்பே முடித்து நாயின் கடவுச்சீட்டில் பதிந்துகொண்டால், திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. அந்தப் பரிசோதனையை இங்கே வந்து செய்துகொள்ளலாம் என்று வந்தால் மாட்டிக்கொள்வார். ‘அதை அங்கேயே விட்டுட்டு வா’ என்று தொலைபேசியில் சொல்லும் அண்ணனும் சித்தியும், சென்னைக்கு என்றால் அங்குள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்கு என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லட்டும்.